மண்டபத்தைத் தாண்டிப் போன அன்னம்

கபாலிக்கு அந்த அன்னத்தைக் கண்டாலே ஆகாது. வாத்தாகவும் இல்லாமல் அன்னமாகவும் இல்லாமல், மூக்கில் அடிபட்ட வக்கீல் மாதிரி இருக்கும். அடையாற்றில் குடியிருந்த அமெரிக்க இன்ஜினீயர் ஒருவர் ஊர் திரும்பும்போது, படகு ஏற்றும் டிரெய்லரை விட்டுவிட்டுப் போனார். அதன்மேல் பலகை அடித்து, அன்னம் செய்து, உடம்பெல்லாம் கார் பல்பு மாட்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டவன் ஷரீஃப். பழைய டாட்ஜ் பிக்கப்பில் அதை இழுத்துப் போகிறவன் கபாலி. இருவரும் கூட்டாளிகள். பேச்சு வார்த்தையெல்லாம் திட்டுதான்.

டிரெய்லருக்குக் கரண்டு பிரேக். பிக்கப்பில் மிதித்தால் ஒயர் வழியாகக் கரண்டு போய், டிரெய்லர் சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாளாக அது வேலைக்கு மட்டம் போட்டது. கபாலி பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்தான், அதற்குள் இருக்கும் ஷூவை இறுக்கினான். பகலில் ஓட்டிப் பார்த்தால் சொன்ன இடத்தில் நிற்கும். சாயந்தரம் ஊர்வலத்தில் மட்டும் பின்னாலிருந்து முட்டித் தள்ளும்.

"உன் அன்னத்துக்கு மாலக்கண்ணு, நைனா."

"மொதல்ல உன் கால்ல தெம்பு கீதா பாரு" என்பான் ஷரீஃப்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், பாத்திரக்கடை வீட்டுப் பையன் ஜவஹருக்குக் கல்யாணம். லஸ் பிள்ளையார் கோயிலில் ஏறி மந்தைவெளி மண்டபம் போக வேண்டும். மாப்பிள்ளையின் தலைப்பாகையை அத்தை பங்கஜம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. "வெரசாப் போ, வெரசாப் போ" என்று விரட்டிக்கொண்டே சொந்தக்காரர்கள் எல்லாரும் அன்னத்தின் முதுகில் ஏறிவிட்டார்கள். பாரத்தைப் பார்த்த கபாலி, பிரேக்குக்குக் கரண்டு கூட்டும் திருகைக் கடைசி வரை திருகி வைத்தான்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு. பெண்ணின் அப்பா பொன்ராஜ் கும்பிட்டபடி நின்றார். கபாலி மிதித்தான். பிக்கப் நிற்கப் பார்த்தது, அன்னம் விடவில்லை. கூப்பிய கையோடு ஜவஹர், ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி, வருங்கால மாமனாரைக் கடந்து போய்விட்டான். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். எல்லாம் ஒரு கறிக்கடை முன்னால் போய் நின்றது.

"எலே! மாப்ளய எங்கலே கடத்திட்டுப் போறீய?" பொன்ராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சிரைக்க வந்தார்.

கபாலி டிரெய்லருக்கு அடியில் புகுந்தான். சக்கரத்துக்குப் போகிற ஒயரில் ஒரு பல்பை வைத்து, "மிதி" என்று கத்தினான். ஷரீஃப் மிதித்தான். பல்பு காய்ச்சல்காரன் கண் மாதிரி மங்கலாக முழித்தது. அந்த நேரம் பார்த்துப் பொன்ராஜ் அலங்கார விளக்கு ஒயரில் கால் தட்டினார். ஒயர் பிடுங்கிக்கொண்டது, அன்னம் இருண்டது. கபாலி கையில் இருந்த பல்போ பளீரென்று எரிந்தது.

"அடப்பாவி! வெளக்குக்கும் பிரேக்குக்கும் கரண்டு திரும்பிப் போவ ஒத்த எர்த் ஒயரா? அதுவும் தலமயிரு கணக்கா! வெளக்கு எரிஞ்சா பிரேக்கு எப்டிடா புடிக்கும்?"

"சும்மா கெடந்துச்சு, அதுலயே கட்டிட்டேன்" என்றான் ஷரீஃப்.

"வெளக்கு இல்லாம இருட்டுலயா மாப்பிள்ளயக் கொண்டாருவிய?" என்று பங்கஜம் எகிறினாள்.

"அத்தே, எனக்கு பிரேக்கு போதும்" என்றான் ஜவஹர். அன்றைக்கு அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

கபாலி ஷரீஃபின் மைக் செட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை உருவி, பிக்கப்பின் சட்டத்தையும் டிரெய்லரின் சட்டத்தையும் சேர்த்து முறுக்கி, எர்த்துக்குத் தடித்த வழி போட்டான். மைக் செட் ஊமையானது. ஷரீஃப் உருதுவில் திட்டினான். பிடுங்கிய ஒயரை மாட்டியதும் விளக்கெல்லாம் மறுபடி எரிந்தன. வண்டி திரும்பியது. அவசரத்தில் கபாலி திருகைக் குறைக்க மறந்துபோனான்.

வாசலில் லேசாகத்தான் மிதித்தான். அன்னம் ஆணி அடித்த மாதிரி நின்றது. சொந்தக்காரர்கள் மூட்டை மூட்டையாக முன்னால் சரிய, ஜவஹர் அன்னத்தின் கழுத்தைச் சுற்றி வழுக்கி, கூடவே ஓடிவந்து பக்கத்தில் நின்ற பொன்ராஜின் கையில் வந்து விழுந்தான். மாடியில் மணப்பெண் ஜெயபாரதி, பக்கத்தில் பெரியவர்கள் இருப்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். தலைப்பாகை காதில் தொங்க அண்ணாந்து பார்த்த ஜவஹருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பந்தியில் கபாலி பக்கத்தில் வந்து நின்றார் பொன்ராஜ். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "சின்னவ கல்யாணத்துக்கும் ஒங்க வண்டிதான். மாப்ள மட்டும் நடந்து வரட்டும்" என்றார்.

"சரி மொதலாளி" என்ற கபாலி, இன்னொரு கரண்டி பாயாசம் கேட்டான்.