சூசையின் உள்ளங்கை

புரொஜக்டர் வெளிச்சத்தை மறைக்க சூசையின் கை இன்னும் உயரவில்லை, முன்வரிசையில் சங்கச் செயலாளர் ஞானதிரவியம் சார், அவருக்கு வலப்பக்கம் மாடியை எங்களுக்கு விட்டுக்கொடுத்த வத்தல்கடை முதலாளி, நடுவரிசையில் பேங்க்காரர்கள் இருவர், அதற்குப் பின்னால் சன்னலோரம் வேல்மயில், அவனுக்கு இடப்பக்கம் நான், எல்லோருக்கும் பின்னால் ஸ்டூலில் ஆபரேட்டர் சூசை, இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், கனவில் இப்போதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம், கீழே மூட்டைகளிலிருந்து மிளகாய் நெடி படியேறி வர யாராவது தும்மிக்கொண்டே இருக்கிறார்கள், விருதுநகரில் எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு இருந்தது ஒரே சட்டம், ஆணும் பெண்ணும் நெருங்கினால் சூசை லென்ஸின் முன்னால் கையை வைத்துவிட வேண்டும், முதலாளி மாடியைத் தந்ததே அந்தப் பேச்சின்மேல்தான், அன்று பெட்டியில் வந்ததோ பெரிய கம்பெனி எதுவும் தொடாத படம், எங்கோ பனி கொட்டும் ஊரில் ஒருவன் தன் சிநேகிதர்களையே நடிக்கவைத்து எடுத்தது, சுவருக்கு வெள்ளையடிக்கும் இரண்டு பேர், ஒரே ஏணி, மேலே ஒருவன், கீழே பிடித்துக்கொண்டு ஒருவன், இறங்கி வந்தவன் மற்றவன் கன்னத்துச் சுண்ணாம்பைத் துடைக்கிறான், துடைத்த கை அங்கேயே நிற்கிறது, பிறகு முத்தம், ஏப்பா சூசை கைய வைய்யா, என்கிறார் சார், என்னத்துக்கு சார், பொம்பளையே வரலையே, ரெண்டும் ஆம்பளையாளுதான, என்கிறான் சூசை, பேங்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டார், முதலாளி சிரிக்கவில்லை, வையிடா மொதல்ல, என்றார், கை வந்தது, தாமதமாக, திரை இருண்டது, திரும்பிப் பார்த்தேன், சூசையின் விரலிடுக்குகள் மட்டும் சிவந்திருந்தன, அந்த இருட்டில்தான் வேல்மயில் என் கையைப் பிடித்தான், நானும் பிடித்தேன், சூசை கையை எடுத்ததும் எங்கள் கைகளும் பிரிந்தன, முதலில் எடுத்தது அவனா நானா, கனவில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் எடுக்கிறோம், விளக்குப் போட்டபோது அவன் சன்னலண்டை எழுந்து நின்றிருந்தான், கண் கலங்கியிருந்தது, வத்தல் நெடி, என்றான், ஆமா, இன்னைக்கு ரொம்ப நெடிதான், என்றேன்.

மறுநாளே மாடிக்குப் பூட்டு, சங்கம் கலைந்தது, படம் பார்த்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள், பார்க்காத ஊர்தான் அதைப் பேசியது, சேர்ந்து நடக்கும் எந்த இருவரைக் கண்டாலும் டீக்கடையில், என்ன மாப்ள, ஏணி பிடிக்கக் கிளம்பிட்டீகளா, என்றார்கள், அதுவரை எங்களைப் போன்றவர்களுக்கு ஊரில் ஒரு பெயரும் இல்லை, கேலியாகவாவது ஒன்று கிடைத்தது, அதைக் கேட்டு வேறு யார் யார் உள்ளுக்குள் திரும்பிப் பார்த்தார்களோ, வேல்மயில் புனேவுக்கு வேலைக்குப் போனான், நான் இங்கேயே ரிடையரானேன், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப்பற்றி எழுதிக்கொண்டதுமில்லை, இப்போது அவன் கடிதம், சென்னையில் அதே படத்தைப் போடுகிறார்களாம், சின்னப் பிள்ளைகள் சேர்ந்து, வாசலில் போஸ்டர் ஒட்டி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கேன், வெளக்கப் போட்ட பெறகும் எந்திரிக்காம இருப்பியா, அத மட்டும் எழுது, என்கிறான்.

வழக்கம்போல வலது மூலையில் ஊர், தேதி, கீழே அன்புள்ள வேல்மயிலுக்கு, நலம், நலமறிய ஆவல், பிறகு எழுதினேன், ஓரத்தில் நீ, உனக்கு இடப்பக்கம் நான், விளக்குப் போட்ட பிறகும், உறையின் வாயில் கோந்து தடவி, ஒட்டும்வரை சன்னல் கண்ணாடியோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன், வெளியே வெயில், என் விரலிடுக்குகள் சிவந்தன, யாரும் தும்மவில்லை, தெருமுனைத் தபால் பெட்டிக்குள் கடிதத்தை விட்டேன், கையை எடுத்தேன்.