தட்டிப் பார்த்த பலகை

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படகு ஆசை வந்தபோது, அவர் மனைவி அதை ஒரு காய்ச்சல் மாதிரிதான் எடுத்துக்கொண்டாள். வந்த மாதிரியே போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவுகிற மனிதருக்கு, லீவு நாளிலாவது தலைக்கு மேல் ஆகாயமும் கையில் தூண்டிலும் வேண்டும் என்று தோன்றினால் அது ஒரு குற்றமா? ஆனால் ஆசையும் கொஞ்ச நஞ்சமில்லை. பின்பக்கம் நின்று மீன் பிடிக்க இடம் வேண்டும். முன்பக்கம் மனைவியும் மகளும் படுத்துத் தூங்க ஒரு சின்ன அறை வேண்டும். கரையை ஒட்டியே இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிற தெம்பு எஞ்சினுக்கு வேண்டும். இத்தனையும் ஒரு மெக்கானிக்கின் சேமிப்புக்குள் அடங்கவும் வேண்டும்.

"விரலுக்கேத்த வீக்கம் வேணுங்க," என்றாள் மனைவி. "பாத்ரூம் குழாய் ஒழுகுது, அதை அடைக்க ஆளைக் காணோம். கடல்ல போய் ஒழுகறதுக்கு ஒரு படகா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த விலைக்குக் கிடைத்த படகுகள் அப்படித்தான் இருந்தன. ஒன்றுக்குப் பெயிண்ட் அப்போதுதான் அடித்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தவரின் கால்சட்டையில் பாதிப் படகு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றில் எஞ்சின் பாட்டுப் பாடியது, ஆனால் தரையில் வைத்த கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. "அது மீன் போடற குழி சார்," என்று கூசாமல் சொன்னான் விற்கிறவன். மூன்றாவதன் அறைக்குள் ஒரு பூனைக் குடும்பம் வாடகை தராமல் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்த வாடையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்த மச்சினன்தான் பாடம் எடுத்தான். மச்சினன் பழைய கட்டில், பீரோ வாங்கி விற்கிறவன். தெருவில் எல்லோரும் அவனைப் 'பேரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற பேருக்கு அவன் குறை வைத்ததே இல்லை.

"நீங்க நல்ல பொருளைப் பாத்தா மூஞ்சியிலயே காட்டிடறீங்க மாமா. பல்லு அத்தனையும் தெரியுது. அப்புறம் எவன் விலையைக் குறைப்பான்?"

"குறை சொல்லச் சொல்றியா? இல்லாத குறையை எப்படிடா சொல்றது?"

"யாரு சொல்லச் சொன்னா? சொன்னா அது பொய். வாயே திறக்காதீங்க. தட்டுங்க. ஒரே இடத்துல திரும்பத் தட்டுங்க. காதை வெச்சுக் கேளுங்க. 'ம்ச்'சுன்னு ஒரு சத்தம் விட்டுட்டு ஆகாசத்தைப் பாருங்க. மீதியை அவங்களே பயந்து பேசிப்பாங்க."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஜாதி அவன். மெக்கானிக் சிரித்துக்கொண்டார். ஆனால் பாடம் மனதில் தங்கிவிட்டது.

ஒரு பெயிண்டரின் படகு அதற்குப் பிறகுதான் விலைக்கு வந்தது. மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பெயிண்டர் போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டவர். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தில், சக்கர வண்டியின் மேல் தார்ப்பாய் போர்த்திப் படகு நின்றது. தார்ப்பாயை அவளே இழுத்து மடித்தாள், வேட்டியை மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

மெக்கானிக்குக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் மனதில் கட்டி வைத்திருந்த படகை யாரோ எட்டிப் பார்த்துச் செய்த மாதிரி இருந்தது. பின்பக்கம் அகலமான இடம், தூண்டில் செருகக் குழாய்கள். முன்னால் குனிந்து போகிற ஒரு அறை, இரண்டு படுக்கை, கைக்குட்டை அளவுக்கு ஜன்னல்கள். எஞ்சினைத் திருகியதும் இருமாமல் எழுந்தது. அவள் சொன்ன விலையும் அநியாயமில்லை. ஆனால் அவர் கையிலிருந்ததை வழித்துத் துடைத்துவிடும்.

கடைசியாக அவர் பின்பலகைக்கு வந்தார். எஞ்சினின் பாரம் முழுவதும் தொங்குவது அந்தப் பலகையில்தான். வெளியே ஃபைபர் பூச்சு, உள்ளே மரம். உள்ளே தண்ணீர் இறங்கி மரம் மக்கிப்போனால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும், கடல் உள்ளே வரும். அதனால் பழைய படகு வாங்குகிறவர்கள் தட்டித்தான் பார்ப்பார்கள். நல்ல மரம் 'டக்'கென்று பதில் சொல்லும். மக்கிய மரம் 'பொத்'தென்று விழும்.

ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டினார். டக். தள்ளித் தட்டினார். டக். மேலும் கீழும், மூலைக்கு மூலை, டக், டக். சத்தத்தை வைத்தே மோட்டாரின் சீக்கைக் கண்டுபிடிக்கிற காது அவருடையது. அதற்குச் சந்தேகமே வரவில்லை. கல் மாதிரி இருந்தது பலகை.

பல் வெளியே வரப் பார்த்தது. மச்சினன் ஞாபகம் வந்தது. உதட்டை இழுத்து மூடினார். இடது மூலையில் மறுபடி தட்டினார். காதை வைத்தார். மறுபடி தட்டினார். பிறகு "ம்ச்" என்றார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா."

"பலகை மக்கிப் போச்சா? உள்ளதைச் சொல்லுங்க."

மெக்கானிக் ஆகாயத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

அவள் விலையைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தார். அவள் கிட்டே வந்து, பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வருஷா வருஷம் கேப்பேன் தம்பி. எனக்குத் தண்ணின்னாலே பயம், நான் ஏறினதே இல்ல. பொண்ணைக் கூட்டிட்டுப் போவாரு. பின்பலகையைப் பாத்தீங்களா, பாத்தீங்களான்னு உயிரை வாங்குவேன். 'கழட்டியே பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு, போடி'ம்பாரு." கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பாத்தே இருக்க மாட்டாரு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்காரு. பெத்த பொண்ணைக் கூட்டிட்டுப் போன படகு தம்பி இது!"

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். மெக்கானிக் திறக்கத்தான் செய்தார்; வந்தது வேறு வார்த்தை.

"பரவால்லக்கா, நான் மாத்திக்கறேன். விலையை மட்டும் கொஞ்சம் பாத்துப் போட்டீங்கன்னா..."

"ஞாயித்துக்கிழமை வாங்க. யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். தார்ப்பாயை மறுபடி போர்த்தும்போது ஓரத்தைச் சரிபார்க்கவில்லை.

மச்சினன் போனிலேயே விசில் அடித்தான். "பாத்தீங்களா மாமா, படிஞ்சிடுச்சு!" மனைவிக்கும் எப்படியோ அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. ஜன்னல் கைக்குட்டை அளவுதான் என்று கேட்டதும், மிச்சத் துணியைத் தேடி எடுத்துத் திரைச்சீலை தைக்க உட்கார்ந்துவிட்டாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மெக்கானிக்குக்கு நாராசமாக இருந்தது.

லிஃப்ட் குழிக்குள் இறங்கி, லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தைத் தட்டினால் அதுவும் 'டக்' என்றது. நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா, சொல்லவில்லையே என்று அவரே வக்கீலாக நின்று வாதாடினார். நீதிபதியும் அவரேதான், இருந்தும் கேஸ் ஜெயிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது சோறு மேடாகத் தெரியும். இவர் மறைத்தது ஒரு செத்த மனிதனின் சத்தியத்தை.

வார முடிவில் ஒரு வழி கண்டுபிடித்தார். பேரமே பேசக் கூடாது. அவள் முதலில் சொன்ன முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு நஷ்டமில்லை என்றால் இவருக்குப் பாவமில்லை. இப்படி முடிவு செய்த பிறகு நன்றாகத் தூங்கினார், அந்த மனிதர். தப்பைப் பணத்தால் மெழுகிவிடலாம் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வராது!

ஞாயிற்றுக்கிழமை பணத்தையும், அளவு பார்க்கச் சொல்லி மனைவி கொடுத்த திரைச்சீலைப் பையையும் எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையிலேயே ரம்பச் சத்தம் கேட்டது. மின்சார ரம்பம். யார் வீட்டிலோ கதவு அறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். கிட்டே போகப் போகச் சத்தம் காலி இடத்திலிருந்துதான் வந்தது.

பழைய சாமான் எடுக்கிற இரண்டு ஆட்கள் படகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் கழன்று கோணியின்மேல் கிடந்தது. பின்பலகையை முதலிலேயே அறுத்துத் தள்ளிவிட்டு, இப்போது படுக்கை அறைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு அது எடைக்குப் போடுகிற சரக்கு. அதில் எது நல்லது, எது கெட்டது என்று அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?

பெயிண்டரின் மனைவி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"கோச்சுக்காதீங்க தம்பி. உங்களை அலைய வெச்சுட்டேன், நம்பரைக்கூட வாங்கி வெச்சுக்கல. நீங்க மாத்திக்கறேன்னுதான் சொன்னீங்க. ஆனா அவசரத்துல ஒரு நாள் மாத்தாமலே பொண்டாட்டி பிள்ளையை ஏத்திட்டுப் போனீங்கன்னா? நீங்க வாங்கலைன்னாலும் வேற ஒருத்தர் வருவாரு, அவருக்கு உங்களை மாதிரி தட்டிப் பாக்கத் தெரியலைன்னா? இது யாரையும் முழுங்க வேணாம்னுதான் அறுக்கச் சொல்லிட்டேன்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அறுபட்ட பலகை அவர் காலடியில் கிடந்தது. உள்ளே மரம் புதுசாய், வெளிர் மஞ்சளாய், எலும்பு மாதிரி உலர்ந்து இருந்தது. மரத்தூள் காற்றில் பறந்து அவர் செருப்பின்மேல் படிந்தது. ஈர மரத்தின் தூள் பறக்காது. ஒரு மூலையில், உள்பக்கமாக, திருகாணிகள் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டப்பட்டு, ஒவ்வொரு தடவையும் பசை வைத்து அடைக்கப்பட்ட துளைகள் தெரிந்தன. பெயிண்டர் கழற்றித்தான் பார்த்திருக்கிறார், வருஷா வருஷம்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை அவளுக்கு. உள்ளே போய் ஒரு கட்டுத் தூண்டில்களைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தாள்.

"இதையாவது வெச்சுக்குங்க. காசெல்லாம் வேணாம். நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்க."

இதற்கு மேல் என்ன வேண்டும்? பலகையை லாரியில் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. அவளுக்குத் தெரியாது. மச்சினன் வெளியே சொல்ல மாட்டான். ஓசியில் தூண்டில். மெக்கானிக் தூண்டில்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்தப் பலகையைக் கொஞ்சம் பாருங்க."

"வேணாம் தம்பி."

"பாருங்கக்கா. இது மக்கல. ஒரு பொட்டு ஈரம் இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். தட்டினப்பவே தெரியும்."

அவள் பார்த்தாள். குனிந்து, தழும்பு விழுந்த விரலால் மரத்தைத் தொட்டாள். அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். ரம்பம் ஓய்ந்திருந்தது, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"எதுக்கு தம்பி?"

"விலை குறையும்னு..."

"கேட்டிருந்தா குறைச்சிருப்பேனே," என்றாள் அவள்.

அவள் கத்தியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருந்தாலும் மெக்கானிக் தலையைக் குனிந்து கொடுத்திருப்பார். பையிலிருந்த பணத்தை அவசர அவசரமாக எடுத்து நீட்டினார். முழு விலையும் இருக்கு, எடுத்துக்குங்கக்கா, என்று உளறினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"படகு போனாப் போகுது. நான் ஏறாத படகு. வெளியூர்ல இருக்கற பொண்ணுக்குப் போன் பண்ணி, உங்கப்பன் ஒரு புளுகன்டி, உன் உயிரை வெச்சு விளையாடியிருக்கான்னு சொன்னேன். அவ நம்பல தம்பி. அப்பா அப்படிப்பட்டவர் இல்லம்மான்னு அழுதா. நான்தான் விடாம வாதாடி நம்ப வெச்சேன்."

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தி, அவர் பக்கம் நீட்டினாள்.

"நான் என்னன்னு சொல்லுவேன்க்கா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அன்னிக்கு மாதிரி ஆகாசத்தைப் பாத்தா அவளுக்குப் புரியாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

மெக்கானிக் தூண்டில்களைத் தரையில் வைத்தார். திரைச்சீலைப் பை தோளில் தொங்கியது. மறுமுனையில் மணி அடித்தது, பிறகு ஒரு பெண் குரல் "அம்மா?" என்றது. அழுது ஓய்ந்த தொண்டை என்பது கேட்டவுடனே தெரிந்தது அவர் காதுக்கு.

"அம்மா இல்லம்மா," என்றார். "படகு பாக்க வந்தவன். உங்கப்பா பொய் சொல்லலம்மா. பொய் சொன்னது நான்."