ஒட்மார் வாயை மூடிக்கொண்ட மாதம்

எங்கள் ஊர் ஷ்லேடன்பாக்கில் ஒரே ஒரு விடுதிதான். முன்கட்டில் மேசைகள் போட்ட கூடம், பின்கட்டில் பீர் காய்ச்சும் கொட்டகை. லோரென்ஸ் காய்ச்சுகிறான், அவன் மனைவி ரோஸ்விதா ஊற்றித் தருகிறாள். பம்பெர்க் நகரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இப்படி ஒரு பீரா என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். லோரென்ஸ் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டான்.

சுவரோர மேசை எங்களுடையது. நான், தச்சன் ஆல்பின், என் பக்கத்து வீட்டு ஒட்மார், மூன்று பேர். ஒட்மார் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அவனிடம் போய் முதல் தடவையிலேயே தேறிய வண்டி இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பாதிரியாரின் வண்டியையே பின்விளக்கு மங்கல் என்று திருப்பி அனுப்பியவன். ஓய்வு பெற்றபின் சுற்றிவந்து குறை பார்க்க வண்டிகள் இல்லாமல் போயின. பீர் இருந்தது.

தினமும் மாலையில் குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். கலங்கலா இருக்கு என்பான். மறுநாள் கசப்பு தூக்கல். அதற்கு மறுநாள் நுரையில் உயிரே இல்லை. சொல்லிவிட்டு மூன்று குவளை குடிப்பான், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். லோரென்ஸ் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் லோரென்ஸுக்கு இடுப்புப் பிடிப்பு. பீப்பாயை உருட்ட முடியாமல் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். முதல் குவளை ஒட்மாருக்குத்தான் போனது. ஒட்மார் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான்.

“இன்னிக்கு என்ன, நனைஞ்ச சாக்கு வாசனை அடிக்குது?”

லோரென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பலகைமேல் எறிந்தான். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீயே காய்ச்சிக் குடியேன்யா!”

ஆல்பின் தன் குவளைக்குள் பார்த்துக்கொண்டான்.

“காய்ச்சறேன்,” என்றான் ஒட்மார். “என்ன பெரிய வித்தை? பார்லி, தண்ணி, ஹாப்ஸ். கஞ்சி வெக்கத் தெரிஞ்சவனுக்கு இது வராதா?”

“உனக்குக் கஞ்சியும் வெக்கத் தெரியாதேடா,” என்றான் ஆல்பின்.

அந்த வாரமே ஒட்மார் பம்பெர்க் போய் முளைகட்டிக் காயவைத்த பார்லி ஒரு மூட்டையும் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ ஒரு பொட்டலமும் வாங்கி வந்தான். பாத்திரத்துக்குச் செலவு செய்யவில்லை. அவன் மனைவி ஹெட்விக் பழம் பதப்படுத்தும் பெரிய அண்டா இருந்தது. வடிகட்ட, அவளுடைய சன்னல் திரை.

“திரைய எடுக்காதய்யா. எதிர்வீட்டுக்காரி என்ன நினைப்பா?”

“திரையில்லாம பாத்தாத்தான் அவளுக்குப் புரியும், இங்க என்ன நடக்குதுன்னு.”

“என்ன நடக்குதுன்னு எனக்கே புரியலையே!”

நான் உதவிக்குப் போயிருந்தேன். உதவி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. நொறுக்கிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தான். சூடு கூடக் கூடாது, குறையக் கூடாது என்று அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, வெப்பமானியை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்கும்போதெல்லாம் சூடு கூடியிருந்தது அல்லது குறைந்திருந்தது. பிறகு வடிகட்டினான். பார்லிச் சக்கை கூழாகித் திரையில் அப்பிக்கொண்டு ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒட்மார் திரையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தான். மாடு கறப்பவன் மாதிரி இருந்தது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

பிழிந்த சாற்றில் ஹாப்ஸைப் போட்டுக் கொதிக்கவிட்டதும் வீடெல்லாம் வாடை. ஹெட்விக் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“அந்தக் கருமத்த மூடியாவது வையேன்!”

ஒட்மார் மூடினான். மூடிய மறு நிமிடம் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அணைந்ததைத் துடைத்து மறுபடி ஏற்றி, மறுபடி மூடினான்.

சாறு ஆறியபின் அதைப் புளிக்கவைக்க ஈஸ்ட் வேண்டும். அது ஊரில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒட்மார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நீ போய்க் கேளு. எனக்குன்னு சொல்லாத.”

“வேற யாருக்குன்னு சொல்றது? ஊருக்கே தெரியுமே.”

லோரென்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியின் அடியிலிருந்து கெட்டியான ஈஸ்ட்டை ஒரு ஜாடி நிறைய அள்ளித் துணி போட்டுக் கட்டினான். “குளிர்ச்சியான எடத்துல வெக்கச் சொல்லு. இந்த ஈஸ்ட்டுக்குச் சூடு ஆவாது. அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சிட வேணாம்னும் சொல்லு.”

அப்படியே போய்ச் சொன்னேன். ஒட்மார் சிரித்தான். “வேணும்னே தப்பா சொல்லியனுப்பறான் பாரு. ஹெட்விக் ரொட்டி மாவ எங்க வெக்கறா? அடுப்புப் பக்கத்துல. மாவு பொங்குதா இல்லையா?”

சாற்றை வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைக் கலந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தான். பொங்கியது. நுரை வாளியை விட்டு இறங்கித் தரையில் நடந்து அலமாரிக்கு அடியில் போனது. ஒட்மாருக்குப் பெருமை தாங்கவில்லை. நுரை அடங்கத் தொடங்கிய அன்றே கம்பி மூடி போட்ட பாட்டில்களில் ஊற்றி இறுக்கி, நிலவறையில் ஹெட்விக் பதப்படுத்தி வைத்த செர்ரிப்பழ ஜாடிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர்கள் வீட்டில் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலுக்கடியில் ‘டம்’ என்றது. ஒட்மார் கரண்டியை வைக்காமல், “எதிர்வீட்டுக்காரி கதவச் சாத்தறா,” என்றான். உடனே இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒட்மார் எழுந்து ஓடினான். ஏறி வந்தபோது சட்டையெல்லாம் சிவப்பு, முகத்தில் சிவப்பு. ஹெட்விக் வீறிட்டாள்.

“ஒண்ணுமில்லடி, செர்ரி,” என்றான் ஒட்மார்.

செர்ரி என்று தெரிந்தபின்தான் அவள் உண்மையாகவே கத்தத் தொடங்கினாள்.

ஆனாலும் பாதிப் பாட்டில்கள் பிழைத்திருந்தன. அவற்றைப் பனிக்குள் புதைத்து வைத்தான். செவ்வாய்க்கிழமை விடுதிக்கு விடுமுறை. அன்று மாலை எங்கள் இருவரோடு லோரென்ஸையும் வீட்டுக்கு அழைத்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான், கழுத்தில் டையெல்லாம் கட்டிக்கொண்டு.

ஒட்மார் ஊற்றிக் கொடுத்தான். லோரென்ஸ் குவளையை விளக்குக்கு நேரே தூக்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். அவன் இன்னொருவர் மேசையில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

“முட்டைக்கோஸ் அவிச்ச தண்ணி,” என்றான்.

ஒட்மாரின் முகம் சிவந்தது.

“மூடி போட்டுக் கொதிக்க விட்டியா?”

“ஹெட்விக்தான் போடச் சொன்னா.”

“ஆமா, நாந்தான்,” என்றாள் ஹெட்விக் பாத்திரம் கழுவியபடி. “பாட்டில் வெடிச்சதும் நான் உள்ள ஊதினதாலதான்.”

“அப்புறம் அடுப்பங்கரையில வெச்சு புளிக்க விட்டிருக்க,” என்றான் லோரென்ஸ். “அழுகின வாழைப்பழ வாசனை அதான். சக்கையப் பிழிஞ்சிருக்க, நாக்குல ஒட்டுது. நுரை எங்க? நுரைய வீட்டுக்கு அனுப்பிட்டியா?”

அவன் ஒரு நாளில் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. பேசப் பேச அவன் முகத்தில் ஒரு நிறம் வந்தது. இரண்டாம் குவளையைத் தானே ஊற்றிக்கொண்டு, அதையும் குறை சொல்லிக் குடித்தான். போகும்போது ஹெட்விக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல மாலைப்பொழுது என்று நன்றி சொன்னான்.

ஒட்மார் ஒரு வாரம் பீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அவன் வீட்டு விறகுக் கொட்டகையிலிருந்து ஹாப்ஸ் வாடை வந்தது. அண்டா திறந்தே கொதித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், பார்த்ததாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் விடுதியில் ஒரு மாற்றம். ஒட்மார் மாலையில் வந்து உட்காருவான். குவளை வரும். விளக்குக்கு நேரே தூக்காமல், முகராமல் குடிப்பான். மூன்று குவளை குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போவான். ஒரு சொல் கிடையாது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் ஆல்பின் பேச்சுக்கு ஆளில்லாமல் சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கினான். மூன்றாம் வாரம் லோரென்ஸ் ஒரு முழுப் பீப்பாயைச் சாக்கடையில் கொட்டினான் என்று கேள்விப்பட்டேன். தொட்டிகளையும் குழாய்களையும் கழற்றித் தேய்த்தானாம். பார்லி அனுப்புகிறவனிடம் தொலைபேசியில் சண்டை போட்டானாம்.

நான்காம் வாரம் நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது லோரென்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

“என் பீர்ல என்னய்யா கோளாறு?”

“ஒண்ணுமில்லையே. நல்லாத்தான இருக்கு.”

“உன்னைய யாரு கேட்டா? உனக்கு என்ன தெரியும்? அவன் ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்?”

“சொல்றதுக்குக் குறை இல்லையோ என்னவோ.”

“அவனுக்கா?” லோரென்ஸ் வேலிக்கம்பைப் பிடித்து ஆட்டினான். “சாவு வீட்டுல குடிக்கற மாதிரி குடிச்சிட்டுப் போறான். ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ரோஸ்விதாவ அனுப்பி ஹெட்விக்கிட்ட கேட்டேன். நல்லாத்தான் இருக்கான், வீட்டுல எல்லாத்தையும் குறை சொல்றான்னு சொல்றா. அப்ப என் பீர்லதான ஏதோ பெருசா போயிடுச்சு? வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு?”

அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. கோடரியை வைத்துவிட்டு நேரே ஒட்மாரிடம் போனேன். கொட்டகையில் அவன் சக்கையைப் பிழியாமல் அதன்மேல் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஏன்டா இப்படி இருக்க? அவன் செத்துக்கிட்டு இருக்கான்டா அங்க.”

ஒட்மார் கரண்டியை நிறுத்தவில்லை. “என்னத்தச் சொல்லச் சொல்ற? நான் நாலு தடவ காய்ச்சிட்டேன். நாலும் நாலு விதம். ஒரு தடவ இனிக்குது, ஒரு தடவ சோப்புத் தண்ணி. இவன் வாராவாரம் காய்ச்சறான். இடுப்பு வலியோட காய்ச்சறான். எல்லாம் ஒண்ணு போலவே இருக்குடா. எப்படி?”

“அதைத்தான் அவன்கிட்ட சொல்லேன்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுடைய பழைய நிலையத்தில் பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியவனைப் பார்க்கும் பார்வை.

“பைத்தியமா உனக்கு? மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னு சொல்லவா? அப்புறம் நான் அங்க எப்படிப் போறது?”

“அப்ப குறையாவது சொல்லித் தொலை.”

வெகுநேரம் யோசித்தான். அவன் நேர்மையானவன். இல்லாத குறையை ஒரு வண்டிக்கும் எழுதியதில்லை. கடைசியில் கரண்டியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை லோரென்ஸே குவளையைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு நகரவில்லை. ஒட்மார் குவளையை விளக்குக்கு நேரே தூக்கினான். உள்ளே பீர் பழுத்த செம்பு நிறத்தில் சுத்தமாக நின்றது. மேலே நுரை இரண்டு விரல் கனத்துக்குக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒட்மார் தொண்டையைச் செருமினான். அவன் காது மடல் சிவந்தது.

“நுரை,” என்றான். “நுரை சீக்கிரம் அடங்கிப் போவுது.”

எல்லோரும் நுரையைப் பார்த்தோம். அது அசையவில்லை.

லோரென்ஸ் நீண்ட மூச்சு விட்டான். “குடிக்காம மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டே இருந்தா அடங்காம என்ன செய்யும்?” என்று சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினான். கொட்டகையில் எதையோ தட்டிக்கொண்டே சீட்டியடிப்பது கேட்டது. ஒட்மார் குவளையை ஒரே மூச்சில் பாதி குடித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் பழகிக்கொண்டான். இப்போதெல்லாம் கசப்பு, கலங்கல், சாக்கு வாசனை எல்லாம் சரளமாக வருகிறது.

செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் ஒட்மார் வீட்டுச் சமையலறையில் இருக்கிறோம். அவன் பீர் இப்போது மோசமில்லை. போன மாதம் காய்ச்சியது நன்றாகவே இருந்தது என்று ஆல்பின் என் காதில் சொன்னான். லோரென்ஸுக்கு அது பிடிக்கவில்லை. குறை தேட நேரம் பிடித்தது. கடைசியில் பாட்டில் மூடி சரியில்லை என்றான்.

போன செவ்வாய் லோரென்ஸ் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டான். அது இல்லாமல் நிறத்தைப் பார்க்க முடியாது, எனவே குறை சொல்லவும் முடியாது. என்னை எடுத்துவர அனுப்பினான். விடுதி பூட்டியிருக்கும், பின்பக்கமாகப் போ என்றான். பின்பக்கமாகப் போனால் கூடத்தில் விளக்கு எரிந்தது. எங்கள் சுவரோர மேசையில் ரோஸ்விதாவும் ஹெட்விக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டில் வெள்ளைத் திராட்சை மது, பாதி காலி. வானொலி பாடியது.

“நீங்க பீர் குடிக்கலியா?” என்று கேட்டுவிட்டேன்.

“அதையா?” ரோஸ்விதா முகத்தைச் சுளித்தாள். “கல்யாணம் ஆன அன்னிக்கு ஒரு வாய் குடிச்சேன். அதோட சரி. ஊத்தித் தரதோட நிறுத்திக்குவேன்.”

“எனக்கு வாடையே ஆவாது,” என்றாள் ஹெட்விக். “சட்டியெல்லாம் அந்த நாத்தம். அங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?”

“லோரென்ஸ் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான்.”

“நல்லது,” என்று ரோஸ்விதா தன் கோப்பையை நிரப்பினாள். “கண்ணாடி அந்தப் பலகைமேல இருக்கு, எடுத்துக்க. போறப்ப கதவச் சாத்திட்டுப் போ, குளிருது.”