சேசம்மாளின் இடது காது

மணப்பட்டணத்தில் யார் எதைப் பேசினாலும் கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். எதிரே உட்கார்ந்து பேசினாலும் அப்படித்தான். வாயிலிருந்து கிளம்பிய சொல், காதுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் கம்பெனியின் கோபுரத்துக்குப் போய், வரிசையில் நின்று, முறை வந்ததும் இறங்கும். முன்பு வசதிக்காரர்களின் சொல்லுக்குத் தனிப் பாதை இருந்தது. மண்டபத்து முதலாளி தும்மினால் உடனே ஊருக்கே கேட்கும். குடிசையில் 'தீ' என்று அலறினால் சாம்பல் ஆறிய பிறகுதான் கேட்கும். இது என்ன அநியாயம் என்று ஊரே கொடி பிடித்தது. முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் தையல் கடை சேசம்மாள். சட்டமும் வந்தது. எந்தச் சொல்லையும் முந்தவிடக் கூடாது, பிந்தவிடக் கூடாது, தடுக்கக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் கூடாது.

அந்தச் சேசம்மாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், கொட்டிலில் ஆட்டைக் காணோம். மகன் லூர்தன் கையில் புதுக் கைபேசி மினுங்குகிறது. அவ்வளவுதான், ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

"இனிமே என் வாசப்படிய மிதிக்காதல! நீ செத்தாலும் நான் எட்டிப் பாக்க மாட்டேன்!"

பெற்ற வாய் சொல்லுகிற சொல்லா அது! லூர்தன் சரியான ரோஷக்காரன். இதைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான், பிறகு தலைகீழாக நின்றாலும் வர மாட்டான். அவளுக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவன் ஒன்றும் அறியவில்லை. அம்மாவின் வாய் அசைந்ததும் ஒழுங்காகத் தரையைப் பார்த்துக்கொண்டான். வாயசைவைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்வது ஒட்டுக்கேட்பதில் சேரும். சொல் வந்து சேரும்வரை சண்டையைத் தொடங்குவதும் அந்த ஊரில் வழக்கமில்லை. இருவரும் உட்கார்ந்து சாளை மீன் குழம்பு சாப்பிட்டார்கள். அவன் இன்னும் கொஞ்சம் குழம்புக்குத் தட்டை நீட்டினான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினாள். அதன் நாலு சுவருக்குள் மட்டும் பேசியது உடனே கேட்கும். அரசாங்கம் சோதனைக்காக விட்டுவைத்த இடம் அது. மேசையில் பியூலா என்ற பெண் இருந்தாள்.

"அந்த ஒரு சொல்ல மட்டும் நிறுத்திரு தாயி."

"முடியாதுக்கா. நீங்கதான கொடி பிடிச்சீங்க?"

"பிடிச்சேன். இல்லன்னு சொன்னனா? வேற வழி சொல்லு."

பியூலா யோசித்தாள். "உங்க மகன் காத வேற கம்பெனிக்கு மாத்திக்கிடச் சொல்லுங்க. பழைய இணைப்புக்கு வர்ற சொல்லு, அத அடுத்து வாங்குறவங்க காதுல விழும்."

யாரோ ஒரு பாவப்பட்ட பிறவி காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இது போய் விழவா? சேசம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கே குடுத்துரு," என்றாள்.

பிறகு லூர்தனைச் சைகை காட்டியே அங்கே இழுத்து வந்தாள். "எதிர்த்த கம்பெனில காத மாத்துனா போனுக்கு உறை சும்மா தாரானாம்ல," என்று சொன்னதுதான் தாமதம், பயல் துள்ளிக்கொண்டு போய் மாற்றிவிட்டான். வலது காதில் தன் பழைய இணைப்பையும் இடது காதில் மகனுடையதையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது இடது காதில் அது வந்து இறங்கியது. அவள் குரல்தான். வாசப்படியும் வந்தது, செத்தாலும் வந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. கரண்டி கையிலேயே நின்றது. இப்படியா பேசினேன் என்று அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. லூர்தன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியபோது சேசம்மாள் வாசப்படி வரைக்கும் வந்து நின்றாள். சொல் சொல்தான், யாருக்கு வந்ததோ அவர்களுக்கு; படியை மிதிக்காமல் திரும்பினாள். கொல்லைப் பக்கம் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறி அந்தப் பக்கம் குதித்தாள்.

சுவருக்கு மேலே லூர்தனின் தலை தெரிந்தது. அவன் வாய் அசைந்தது. அவள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன கேட்டிருப்பான் என்பது அடுத்த வாரம் தெரியும்.

"சோறு எடுத்து மூடி வச்சிருக்கேன், சாப்பிடுல," என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதுவும் அடுத்த வாரம் போய்ச் சேரும்.