இடது காதுக்கு முன்னால்

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவின் கண்ணாடியைக் கழற்றப் போன கிரெட்சனைக் கர்ட்டிஸ் தடுத்தான். சவ அடக்க நிலையத்தைப் போன வருடம்தான் வாங்கி இந்த ஊருக்கு வந்தவன். வேலையில் சுத்தம்.

"நல்லாத்தானங்க இருக்கு? இடது பக்கம் கம்பியே இல்ல. தேடிப் பிடிச்சு நானே ஒண்ணு மாட்டினேன்."

"அப்பா வேணும்னேதான் அத ஒடைச்சாரு" என்றாள் கிரெட்சன்.

பதினான்கு வருடம் முன்பு அப்பா எல்மருக்கு இடது கழுத்து ரத்தக்குழாய் முழுக்க அடைத்துவிட்டது. காதுக்கு முன்னால் ஏறி மண்டைத் தோலில் ஓடும் குழாய் ஒன்றைத் திருப்பி, எலும்பில் துளை போட்டு, மூளைக் குழாயோடு தைத்தார்கள். காதுக்கு முன்னால் எதுவும் அழுத்தக் கூடாது, கண்ணாடிக் கம்பிகூட, என்றார் டாக்டர். எல்மர் வீட்டுக்கு வந்ததும் குறடை எடுத்தார். அன்றிலிருந்து டகோட்டாக் குளிரிலும் குல்லாயை ஒரு பக்கமாகத்தான் வைத்தார். பத்தாம் வருடமும் அந்தக் குழாய் அடைக்காமல் ஓடுவதைப் பார்த்து டாக்டரே எழுந்து நின்று கை கொடுத்தார். கிரெட்சனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஊர்க் காபிக் கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் எல்மர் விடமாட்டார். "இங்க வெரல வச்சுப் பாரு, துடிக்குதா? ஏய், கை சில்லுனு இருக்கு. ஊதிட்டு வை."

அவரைக் கொண்டுபோனது நிமோனியா. மூளை கடைசிவரை தெளிவாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலைகூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் சீட்டாட்டத்தில் அவளைத் தோற்கடித்து, "நீயெல்லாம் காலேஜ் படிச்சவ" என்றார். மத்தியானம் போய்விட்டார்.

அம்மா வெர்னா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்தக் கம்பியக் கழட்டிடுப்பா. இது யாரோ மாதிரி இருக்கு."

"ஒரு கம்பில நிக்காதேம்மா, விழுந்துடும்" என்றான் கர்ட்டிஸ்.

"நடந்து திரிஞ்சப்பவே விழல. இப்ப படுத்துத்தான கெடக்காரு."

கர்ட்டிஸ் சிறிய திருப்புளி எடுத்து வந்து கம்பியைக் கழற்றினான். கண்ணாடி லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அப்பா திரும்பி வந்தது போல் கிரெட்சனுக்கு இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

கதவைத் திறந்தார்கள். காபிக் கடைக் கூட்டாளிகள் பூட்ஸ் பனியை உதறிவிட்டு வரிசையாக வந்தார்கள். முதலில் நின்ற ஹேரல்ட் எல்மரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். விரலை வாயருகே வைத்து இரண்டு முறை ஊதிவிட்டு, எல்மரின் இடது காதுக்கு முன்னால் வைத்தார்.

பின்னால் நின்றவர்களும் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.