அந்தமான் ராணி

ராஜமாணிக்கம் அந்தமானில் ஓய்வு பெற்ற அரசு அலுவலக சூப்பிரண்டெண்ட். இனி யாரும் கையெழுத்துக்காகத் தன் முன்னால் வந்து நிற்பதில்லையே என்பதுதான் அவருடைய ஒரே குறை. ஒருநாள் பத்துபஸ்தி பக்கம் ஒரு வேலியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்த கொடியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பெயரும் வைத்துவிட்டார்: அந்தமான் ராணி. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது என்று தோன்றியது. அவருக்குத் தோன்றியது மறுநாளே உண்மையாகிவிடும். கிழங்கோடு பிடுங்கி வந்து வாசல் வளைவில் ஏற்றினார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். சௌல்தாரி கிராமத்தில் மைத்துனர் அழகையாவின் பாக்குத் தோட்டத்துக்குத் தானே பஸ்ஸில் சுமந்துபோய் நட்டார்.

இரண்டு மழைக்காலம் கழித்து அழகையா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மச்சான், தோட்டத்துல பாக்கு மரமே தெரியல. உங்க ராணிதான் தெரியுறா. வெட்ட வெட்ட முளைக்கிறா."

"அரே, சொந்த மண்ணுல்ல! வளரத்தான் செய்யும்."

சத்தம் கேட்டு, பள்ளியில் தாவரவியல் நடத்தும் பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி வந்தார். ஒரு கொத்தைப் பறித்துப் பார்த்தார்.

"சார், இது கொடிரோஸ். மெக்சிகோ செடி. இதய வடிவ இலை, பூங்கொத்து நுனியில பற்றிக்கிற சுருள், அடியில கிழங்கு. துண்டு கிழங்கு கிடந்தாலும் முளைக்கும்."

"மெயின்லேண்ட் புக்ல நம்ம தீவுச் செடி எங்க மேடம் இருக்கும்?" என்றார், ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த ராஜமாணிக்கம்.

அழகையா மண்வெட்டியை எடுத்து வளைவின் அடியில் கொத்தினார். கிழங்குகள் மாலை மாலையாக வந்தன. கடைசிக் கிழங்கு வாசற்படியைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது.

ராஜமாணிக்கத்தின் முகம் சுண்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்தான்."

மறுவாரம் குடியிருப்போர் சங்கத்தில் அந்நியக் கொடி ஒழிப்புக் குழு பிறந்தது. தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. 'கொடியை முதலில் அடையாளம் கண்டவர்' என்று பேனரில் போட்டிருந்தார்கள். வாசகம் அவரே எழுதிக் கொடுத்தது. இளைஞர்கள் வெட்டினார்கள், அவர் கையுறை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். குவிந்ததைப் பக்கத்து ஓடையில் தள்ளச் சொன்னார்.

"ஐயோ சார்! தண்ணில போனா கரையெல்லாம் முளைக்கும்!" உமா மகேஸ்வரி ஓடிவந்தார்.

"மேடம், கமிட்டி பக்கா முடிவு பண்ணிடுச்சு."

உமா மகேஸ்வரியும் அழகையாவும் முட்டளவு சேற்றில் இறங்கி, கைக்கு எட்டியதை இழுத்துப் போட்டார்கள். மீதியை அன்றைய மழை கொண்டுபோயிற்று. ராஜமாணிக்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த வருடம் ஓடையின் இரு கரையும் பூத்தது. அவர் தளரவில்லை. இவ்வளவு பெரிய வேலைக்குக் குழு போதாது, தனிச் சங்கமே வேண்டும் என்று, துணைத்தலைவராக வரும்படி அழகையாவுக்குப் போன் செய்தார். அழகையா எடுக்கவில்லை.