கதவுக்கு இந்தப் பக்கம்

கண்ணாடிக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவரிடம் கண்ணைக் காட்டப் போகிறவர்கள் காதையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வர முடியும். முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்வார், நெற்றியைப் பட்டையோடு ஒட்டச் சொல்வார், "அசையாதீங்க" என்பார். அவ்வளவுதான், கச்சேரிக் கதையை ஆரம்பித்துவிடுவார். அசைய முடியாத ஆளிடம் கதை சொல்வதில் இருக்கிற சுகம் வேறு எதில் இருக்கிறது?

கதை ஒன்றே ஒன்றுதான். அவர் வாழ்நாளில் கேட்டதிலேயே உசத்தியான கச்சேரி. கல்யாணமான புதிதில், கைக்குழந்தையோடு போய்க் கேட்டது. டிக்கெட்டுக்கு நாயாக அலைந்ததில் தொடங்குவார். அரங்கத்தில் எள் போட இடமில்லை என்பார். பாடகர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்பதைக்கூட விடமாட்டார். பிறகு குரலைத் தாழ்த்துவார்.

"நல்ல உருக்கமான பாட்டு. பாதியில இருக்காரு. அப்போ பார்த்து, பொசுக்குன்னு கரண்ட் போச்சு."

சரியாக அந்த இடத்தில் மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பும். லென்ஸ் தேய்க்கிற மெஷின். கடையில் பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து வடிவமாக்கிப் பொருத்துவது அவர் மனைவியின் வேலை. வலது காலடியில் ஒரு பெடல், அதை மிதித்தால் கல் சுற்றும். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு யாருக்கும் ஒன்றும் கேட்காது. இவர் கையை ஆட்டி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

"ஏம்மா, ரெண்டு நிமிஷம் நிறுத்தேன்!"

"அவசர ஆர்டருங்க!"

அவசர ஆர்டர் எல்லா நாளும் அந்த இடத்தில்தான் வரும். அது ஏன் என்று மனிதர் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? மாட்டார். கதை சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கடையில் மாட்டியிருக்கிற பலகையில் மட்டும் கண் நிபுணர்.

வினை எப்படி வந்தது என்றால், மெஷினின் கல் தேய்ந்து மாற்றக் கொடுத்திருந்த ஒரு நாளில், ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்துகிற அறிவிப்பாளர்ப் பெண் கண்ணாடி போட வந்துவிட்டாள். முகவாயை வைத்தாள். கதையை முழுசாகக் கேட்டாள். கரண்ட் போனது, மைக் இல்லாமல் போனது, ஜனம் கூச்சல் போட ஆரம்பித்தது, பாடகர் மேடையின் விளிம்புக்கு நடந்து வந்து வெறும் தொண்டையில் பாடியது, குண்டூசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அரங்கம் அடங்கியது, எல்லாம்.

"என் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. அந்த இருட்டுல என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா பாருங்க, விடவே இல்ல. அழறா. நானும் அழறேன்."

அறிவிப்பாளர்ப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கருவியில் பார்த்தவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. "சார், அடுத்த வாரம் இதையே தலைப்பா வெச்சு ஒரு நிகழ்ச்சி பண்றோம். நீங்க நேர்ல கேட்ட உசத்தியான கச்சேரி, மோசமான கச்சேரி. ரெண்டு பேரும் வரணும். அம்மாவும் கட்டாயம் வரணும்" என்றாள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்புக்குப் பின்னால் மனைவி சுற்றாத மெஷினின் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ரேடியோ எல்லாம் வேண்டாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று அன்று முழுவதும் சொல்லிப் பார்த்தாள்.

"நீ இல்லாம எப்படி? கையைப் பிடிச்சது நீதானே?"

அவள் எங்கே பிடித்தாள்! அவள்தான் அரங்கத்துக்கு உள்ளேயே இல்லையே.

நடந்தது இதுதான். கச்சேரி ஆரம்பிக்கும்போதே குழந்தை சிணுங்கியது. காதுவலி. முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "நீ வெளிய கொஞ்சம் தூக்கிட்டுப் போ. முதல் பாட்டு முடிஞ்சதும் நான் வந்து குட்டியை வாங்கிக்கிறேன், நீ வந்து கேளு" என்றார் இவர். இடம் போய்விடக் கூடாதே என்று அவள் தன் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் லேசாகக் கேட்டது. இரண்டாவதும் முடிந்தது. அவள் நடைபாதையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கழிவறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே நடந்தாள். அரங்கத்தின் கதவு மெத்தை வைத்துத் தைத்த கனத்த கதவு. பாட்டு காதில் விழவில்லை, ஒலிபெருக்கியின் அதிர்வு மட்டும் தரை வழியாகக் காலுக்கு வந்தது. வாசலில் நின்ற காவலாளி, "குழந்தை அழுதா உள்ள விட மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டான்.

பிறகு கரண்ட் போயிற்று. காவலாளி, "இங்கேயே நில்லுங்க" என்று எங்கோ ஓடினான். ஒரே இருட்டு. காலுக்கு வந்துகொண்டிருந்த அதிர்வும் நின்றுவிட்டது. மாடிப்படி எந்தப் பக்கம் என்று தெரியாமல், குழந்தையோடு விழுந்துவிடுவோமோ என்று, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலில் லேசாகக் கேட்ட கூச்சலும் அடங்கி, உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அத்தனை ஜனம் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? எல்லாரும் வேறு வழியாக வெளியே போய்விட்டார்கள், தன்னை மறந்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரைக்கும் அவர் பெயரை அவள் சத்தமாகச் சொன்னதே இல்லை. யாரும் வரவில்லை. குழந்தை அவள் கழுத்தில் வாயை வைத்து வீரிட்டது. அவளும் அழுதாள்.

விளக்கு வந்து, கச்சேரி முடிந்து, கதவு திறந்தபோது இவர்தான் முதல் ஆளாக ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஈரம். முகம் அப்படி ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. "கேட்டியா? கேட்டியா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் அவள் செய்தது. மீதியெல்லாம் அவர் கைங்கரியம். முதலில் 'இவளும் கேட்டா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச வருஷத்தில் அவள் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள். பிறகு கை வந்தது. பிறகு கண்ணீர். கண் காது மூக்கு வைத்து ஒரு ஆளையே உட்கார வைத்துவிட்டார். பொய் சொல்கிற மனிதராக இருந்தால்கூடச் சண்டை போடலாம். அவர் அதை நம்பிவிட்டார், அதுதான் வயிற்றெரிச்சல். அதனால்தான் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் பெடலை மிதித்தாள்.

இப்போது ரேடியோவில் அவளிடமே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் காதிலும் விழும், மனிதர் தலைகுனிந்து போவார். அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷமும் போய்விடும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால், அந்த இருட்டில் தனியாக நின்றவள் ஒருத்தி இல்லவே இல்லை என்று அவளே தன் வாயால் சொன்னதாகிவிடும். இரண்டுமே அவளால் முடியாது போலிருந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவரோ சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று மோசமான கச்சேரியை ஒத்திகை பார்த்தார். பாட்டை முன்னாலேயே பதிவு செய்து ஓடவிட்டு, பாடகர் வாயை மட்டும் அசைத்த கச்சேரி அது. தொண்டை வறண்டு அவர் தண்ணீர் குடிக்கிறார், பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! அந்தத் தண்ணீர் குடிக்கிற இடத்துக்கு ஒரு தம்ளரையே கையில் எடுத்து வைத்துப் பழகினார்.

"ரேடியோவுல தம்ளர் தெரியாதுங்க" என்றாள் அவள்.

"குரல்ல தெரியும்மா" என்றார்.

ரேடியோ நிலையம் ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை, மூச்சு வாங்க ஏறினார்கள். ஒலிபரப்பு அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை. ஒரு மேசை, அதன்மேல் பஞ்சுக் குல்லா போட்ட மைக்குகள், எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்களை நகர்த்தும் ஒரு ஆள். கனத்த கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அத்தனையும் பொத்தென்று அறுந்தது. அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அதே கதவு, அதே மெத்தை. என்ன, இந்தத் தடவை அவளை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

அறிவிப்பாளர்ப் பெண் அவர்கள் கடையில் போட்ட புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் ஆரம்பித்தார். என்ன இருந்தாலும் மனிதர் நன்றாகச் சொல்லுவார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். டிக்கெட், கூட்டம், சட்டையின் நிறம். குரல் தாழ்ந்தது.

"அப்போ பார்த்து, பொசுக்குன்னு கரண்ட் போச்சு."

மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் தானாக முன்னால் போய்ப் பெடலைத் தேடியது. தரைவிரிப்புதான் தட்டுப்பட்டது. மெஷின் இல்லாமல், அந்தக் கதையின் மிச்சத்தை அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவள் கேட்டாள். கை வந்தது. கண்ணீர் வந்தது.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்று அறிவிப்பாளர்ப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "அந்த இருட்டுல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு" என்றாள். அது தானாக வந்துவிட்டது.

இவர் சிரித்தார். "பாட்டைக் கேட்டா பயந்தே?"

"பாட்டு எங்கேங்க கேட்டுச்சு? நான்தான் வெளியில நின்னேனே."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குரலை உயர்த்தவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. காதுவலியைச் சொன்னாள். மெத்தைக் கதவைச் சொன்னாள். அதிர்வு நின்றுபோனதையும், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்ததையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் சொன்னாள். "உள்ள அவ்வளவு நிசப்தமா கேட்டிருக்கீங்க. அந்த நிசப்தம்தான் எனக்கு வெளியில கேட்டுச்சு. நான் போனதுலேயே மோசமான கச்சேரி அதுதாம்மா" என்றாள்.

அறிவிப்பாளர்ப் பெண் வாயைத் திறந்தபடி இருந்தாள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ என் கையைப் பிடிச்சது?" என்றார் மெதுவாக.

"அது யாரு கைன்னு நானும் இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அறிவிப்பாளர்ப் பெண்ணும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். சொன்னவளுக்கே சிரிப்பு முட்டியது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் இரண்டும் சிவந்து போய், மேசையில் வைத்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, பேசாமல் தலையாட்டித் தொலைத்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று அறிவிப்பாளர்ப் பெண் அவசரமாக, "சரி சார், நீங்க கேட்ட மோசமான கச்சேரி எது? ஏதோ தண்ணி குடிக்கிற கதைன்னு சொன்னீங்களே" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்ளரைப் பிடிப்பதுபோல் கைகூட உயர்ந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"அதுவும் அதே கச்சேரிதாம்மா" என்றார். "முதல் பாட்டு முடிஞ்சதும் வரேன்னு சொல்லித்தான் இவளை வெளிய அனுப்பினேன். போகல. இருட்டா இருந்தப்போகூட எனக்குத் தோணல."

ரேடியோவில் பேச்சில்லாமல் விடக் கூடாதாம். பொத்தான்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, தானே ஒரு சோப்பு விளம்பரத்தைப் போட்டார்.

இறங்கும்போது அவர் இரண்டு படி முன்னால் போனார். ஜன்னல் இருக்கிற திருப்பத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை கசங்குமே என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் கைப்பையைத் தன் பக்கத்தில் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தேன். மனசு வரல."

"அந்த மெஷினு..."

"ஆமா."

"அவசர ஆர்டர்னு நினைச்சேன்" என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதானே இத்தனை காலம் குடித்தனம் நடந்திருக்கிறது.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அந்த இருட்டுல அவர் பாடினது என்ன பாட்டு?"

நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னதே இல்லையே. சட்டைக் கலர் வரைக்கும் சொல்லுவீங்க, பாட்டைச் சொன்னதில்ல. நான்தான் கேட்டவளாச்சே."

அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். யாருமில்லை. முதலில் முனகினார், பிறகு வார்த்தையோடு பாடினார். அவருக்குச் சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அது உயரத்துக்கு எட்டாததாலா, வேறு எதனாலா, அவருக்கே தெரிந்திருக்காது. மேலேயிருந்து தேநீர்த் தட்டோடு இறங்கி வந்த ஒரு ஆள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். பாட்டு நின்றது.

"என்ன, பாதியில விட்டுட்டீங்க?"

"ஆளுங்க பார்க்கறாங்க."

"பார்த்தா பார்க்கட்டும்."

மறுபடி முதலிலிருந்து பிடித்தார். இப்போது கண்ணை மூடிக்கொண்டார். கரண்ட் போன இடம் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, மேடையின் விளிம்புக்கு வந்தவர் பாடினதுபோலவே பாட முயன்றார். அடடா, கேட்க முடியவில்லை.

"நான் கேட்டதுலேயே மோசமான கச்சேரி இதுதாங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "நிறுத்திரட்டுமா?"

"நான் நிறுத்தச் சொன்னேனா?" என்று சொல்லி, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.